ஒப்பந்தத்தில் ‘ஆலோசகர்’, வேலைத்தளத்தில் யார்?

கேள்வி:

ஐயா, நான் அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் சிவில் பொறியியல் படித்தவள். வீடு விசுவமடுவில். கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட கட்டுமான ஆலோசனை நிறுவனம் ஒன்றின் கிளிநொச்சிச் செயற்றிட்டத்தில் 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வேலை செய்கிறேன். வீதி, மதகு வேலைகளைப் பார்ப்பது என் பொறுப்பு. ஒப்பந்தத்தில் என்னை ‘சுயாதீன ஆலோசகர்’ என்று எழுதியிருக்கிறார்கள். மாதம் 180,000 ரூபா பேச்சு. மாத முடிவில் நான் இன்வொய்ஸ் கொடுக்க வேண்டும். அவர்கள் 5 சதவீதம் வரி கழித்து 171,000 ரூபாவை வங்கியில் போடுவார்கள். சேமலாப நிதி கிடையாது. காலை 8 மணிக்கு வேலைத்தளத்தில் கையொப்பம் வைக்க வேண்டும்; விடுமுறை வேண்டுமானால் மேலாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிளும் மடிக்கணினியும் என்னுடையவை. டெங்குக் காய்ச்சலில் நான்கு நாட்கள் படுத்திருந்தபோது 24,000 ரூபாவைக் கழித்துவிட்டார்கள். கூடப் படித்த தோழி ஒருத்தியை அந்த நாட்களுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். சனி, ஞாயிறுகளில் வீட்டு வரைபடங்கள் கீறிக் கொடுக்கிறேன். அதில் ஆண்டுக்கு 240,000 ரூபா அளவில் வருகிறது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா, “இன்வொய்ஸ் கொடுத்தால் நீ சுயதொழில்தான், செலவுகளையெல்லாம் கழித்துக்கொள்” என்கிறார். அலுவலகக் கணக்காளர், “வரி வெட்டியாகிவிட்டது, இனி நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை” என்கிறார். நான் ஒப்பந்தகாரியா, ஊழியரா? வரிக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டு தடவையும் அந்த 24,000 ரூபாவில்தான் நின்றேன். 180,000 ரூபாவை 30 நாட்களால் வகுத்து, நாளொன்றுக்கு 6,000 ரூபாவாக நான்கு நாட்களுக்குக் கழித்திருக்கிறார்கள். கழித்தவர் ஒரு வழக்கமான காரியத்தைச் செய்வதாகவே நினைத்திருப்பார். ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி அந்தக் கழிவிலேயே இருக்கிறது. சுயாதீன ஒப்பந்தகாரருக்கு அவருடைய நாட்கள் அவருக்கே சொந்தம். ஒப்புக்கொண்ட வேலை முடிந்ததா, தரமாக இருக்கிறதா என்று மட்டுமே அவரிடம் கேட்க முடியும். செவ்வாய்க்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவும், அந்தச் செவ்வாய்க்கு விலை போட்டுக் கழிக்கவும் ஒருவருக்கு உரிமை இருக்கிறதென்றால், அவர் உங்களிடமிருந்து வாங்குவது உங்கள் நேரத்தை. நேரத்தை வாங்குபவர் தொழில் தருநர், விற்பவர் ஊழியர்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதானால், கிளிநொச்சி வேலையில் நீங்கள் ஊழியர் என்பதே என் கருத்து. வார இறுதி வரைபட வேலையில் நீங்கள் சுயாதீனமாகத் தொழில் செய்பவர். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம். இந்த நிலை ஆளோடு ஒட்டியதல்ல. ஒவ்வொரு வேலை உறவுக்கும் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். நாளை இன்னொரு ஒப்பந்தம் கைக்கு வரும்போது நீங்களே பார்த்துக்கொள்ள அது உதவும்.

இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் ஊர்களில் நாம் எல்லோரும் காணும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலபோக உழவு தொடங்குகிறது. உழவு இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, பத்துப் பன்னிரண்டு கமக்காரருக்கு உழுது கொடுக்கிறார். டீசல் அவருடையது. கலப்பை உடைந்தால் செலவு அவருடையது. மழை பிடித்து ஒரு கிழமை இயந்திரம் சும்மா நின்றால் அந்த நட்டமும் அவருடையதே. தனக்கு வசதிப்படாத நாளில் மகனையோ தெரிந்த ஓட்டுநரையோ அனுப்புகிறார். கமக்காரர் ஏன் என்று கேட்பதில்லை, வயல் உழுபட்டால் போதும். இனி அதே இயந்திரத்தை நாட்கூலிக்கு ஓட்டும் பையனைப் பாருங்கள். எந்த வயலுக்கு, எத்தனை மணிக்கு என்பதை முதலாளி சொல்கிறார். இயந்திரம் பழுதானால் அவன் கைப்பணம் போவதில்லை. தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்ப அவனால் முடியாது. இருவரும் ஒரே இருக்கையில் இருந்து ஒரே வயலைத்தான் உழுகிறார்கள். இருந்தும், ஒருவர் தொழில் நடத்துகிறார், மற்றவன் தொழில் செய்கிறான். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் சட்டப் புத்தகம் தேவைப்படுவதில்லை. நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன. வேலையை எப்போது, எப்படிச் செய்வதென்று கட்டளையிடும் உரிமை யாரிடம் இருக்கிறது? கருவிகள் யாருடையவை? இலாபமும் நட்டமும் யாரைச் சேர்கின்றன? பதிலாள் அனுப்பலாமா? வேலை செய்பவர் அந்த நிறுவனத்தின் அன்றாட இயக்கத்தில் ஓர் அங்கமா, வெளியிலிருந்து வந்து போகிறவரா? இவற்றில் எந்த ஒன்றும் தனித்து முடிவைத் தந்துவிடாது. எல்லாவற்றையும் சேர்த்து, தராசின் எந்தத் தட்டு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் அந்தத் தராசில் வைக்கப்படும் ஒரு படிக்கல்தான். இரு தரப்பும் சேர்ந்து ‘இது வேலைவாய்ப்பு அல்ல’ என்று எழுதிக் கையொப்பமிட்டாலும், நாளாந்தம் நடப்பது வேறாக இருந்தால் நடப்பதற்கே மதிப்பு.

உங்கள் தராசை நிறுத்துப் பார்ப்போம். உங்கள் பக்கம் சுயாதீனத்தைக் காட்டும் சில விடயங்கள் உண்மையாகவே இருக்கின்றன. மோட்டார் சைக்கிளும் மடிக்கணினியும் உங்களுடையவை. இன்வொய்ஸ் கொடுக்கிறீர்கள். ஒப்பந்தமும் அப்படியே சொல்கிறது. நிறுவனம் நாளை வாதாடுவதானால் இவற்றைத்தான் முன்வைக்கும். கருவி சொந்தமாக இருப்பது எவ்வளவு கனதியானது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பேர்பெற்ற தீர்ப்பு இருக்கிறது. 1968 சட்ட அறிக்கைகளில் வெளிவந்தது. கலவை கொங்கிறீட் நிறுவனம் ஒன்றுக்கு லொறி ஓட்டிய ஒருவர், நிறுவனத்தின் நிறம் பூசிய லொறியில், நிறுவனத்தின் சீருடையில் வேலை செய்தார். ஆனாலும் அவர் ஊழியர் அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லொறியைத் தவணைக் கட்டணத்தில் வாங்கி, பராமரித்து, எரிபொருள் போட்டு, தேவைப்பட்டால் வேறு ஓட்டுநரை அமர்த்தி, இலாப நட்டத்தைத் தானே சுமந்தவர் அவர். அந்த லொறி அவருடைய தொழிலின் முதலீடு. உங்கள் மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. வேலைக்குப் போய்வர நீங்கள் ஏறும் வாகனம் அது. அரச அலுவலகங்களுக்குப் போகும் உத்தியோகத்தர்கள் பலரும் சொந்த மோட்டார் சைக்கிளில்தான் போகிறார்கள். அதனால் அவர்கள் ஒப்பந்தகாரர் ஆகிவிடுவதில்லை.

மற்றத் தட்டில் வைக்க வேண்டியவை கூடுதல் பாரமானவை. காலை எட்டு மணிக்கு வைக்கும் கையொப்பம். கேட்டுப் பெற வேண்டிய விடுமுறை. வேலை கூடினாலும் குறைந்தாலும் மாறாத மாதத் தொகை. நோய் நாளுக்குக் கழிவு. தோழியை அனுப்ப அனுமதி மறுத்தது. இந்தக் கடைசி விடயத்தை எளிதாக எடுக்க வேண்டாம். அவரும் உங்களோடு படித்த பொறியியலாளர்; வேலையைச் செய்யத் தகுதி உள்ளவர். அவரை ஏற்க மறுத்தபோது, நிறுவனத்துக்குத் தேவை ஒரு சேவையல்ல, உங்கள் ஆள்தான் என்று நிறுவனமே சொல்லிவிட்டது.

இதற்கு மறுப்பாக, “கொங்கிறீட்டின் ஸ்லம்ப் பரிசோதனையை, அதாவது கலவையின் இளக்கத்தை அளக்கும் சோதனையை, எப்படிச் செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லையே, அவர் தன் அறிவின்படிதானே செய்கிறார்” என்று ஒருவர் கேட்கலாம். படித்த தொழிலாளர் எல்லோருக்கும் அது பொருந்தும். வைத்தியசாலை நிர்வாகி சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் விடயத்தில் கட்டுப்பாடு என்ற ஒரே அளவுகோல் போதாது என்பதாலேயே, நிறுவனத்தின் இயக்கத்தில் அவர் அங்கமா என்ற கேள்வியையும் நீதிமன்றங்கள் சேர்த்துக்கொண்டன. நிறுவனம் விற்பதே மேற்பார்வைச் சேவை. அந்த மேற்பார்வையை வேலைத்தளத்தில் நின்று செய்பவர் நீங்கள். நிறுவனத்தின் அடையாள அட்டையும் மின்னஞ்சல் முகவரியும் உங்களுக்குத் தந்திருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தந்திருந்தால் தராசு இன்னும் தாழும்.

சித்தப்பாவின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் இன்வொய்ஸ் எழுதினால் சுயதொழில் என்பது கனடாவிலும் சட்டமல்ல. கனடிய வருமான முகவர் நிலையம் ‘ஊழியரா, சுயதொழில் செய்பவரா’ என்ற தலைப்பிலேயே ஆர்.சி.4110 என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. கட்டுப்பாடு, கருவிகள், உதவியாளரை அமர்த்தும் உரிமை, நிதி ஆபத்து, முதலீடு, இலாபம் பெறும் வாய்ப்பு என்று நாம் மேலே பேசியவற்றையே அதுவும் பேசுகிறது. ஐயம் இருந்தால் அந்த முகவர் நிலையத்திடமே தீர்மானம் கேட்கும் வழியும் அங்கே இருக்கிறது. இங்கிலாந்தின் வரித் திணைக்களம் இதற்கென்று இணையத்தில் ஒரு கேள்வித் தொடரையே வைத்திருக்கிறது. எங்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் அப்படி ஒரு கருவி இல்லாவிட்டாலும், சட்டம் உங்கள் நிலைமைக்கு எப்படிப் பொருந்தும் என்று ஆணையாளர் நாயகத்திடம் எழுத்தில் கேட்டு, தனிப்பட்ட தீர்மானம் ஒன்றைப் பெற 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இடம் தருகிறது.

வரைபட வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று நீங்களே விலை பேசுகிறீர்கள். எப்போது கீறுவது என்பது உங்கள் விருப்பம். பிரதேச சபை திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் மறுபடி கீறும் உழைப்பும் அச்சுச் செலவும் உங்களைச் சேர்ந்தவை. அது உங்கள் சொந்தத் தொழில் வருமானம்.

இனிக் கணக்கு. 2025/2026 மதிப்பீட்டாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரைக்கு, தனிநபர் நிவாரணம் 1,800,000 ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 1,000,000 ரூபாவுக்கு 6 சதவீத வரி. உங்கள் வருமானம் அந்தப் படியைத் தாண்டவில்லை, ஆகவே அடுத்த படிகளை விட்டுவிடுவோம். எளிதாக இருக்கட்டும் என்று அந்த நான்கு நாள் கழிவையும் கணக்கில் சேர்க்கவில்லை.

நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு 2,160,000 ரூபா. வரைபடத்தில் வரும் 240,000 ரூபாவில் அச்சு, பயணம் முதலிய செலவு 40,000 என்று வைத்தால் மிச்சம் 200,000 ரூபா. நீங்கள் ஊழியர் என்றால் வேலை வருமானத்திலிருந்து எரிபொருளையோ தொலைபேசியையோ கழிக்க இயலாது. இரண்டும் சேர்ந்து 2,360,000 ரூபா. நிவாரணம் போக 560,000 ரூபா. வரி 33,600 ரூபா. சித்தப்பா சொல்வதுபோல் எல்லாமே சுயதொழில் என்று வைத்து, நிறுவன வேலைக்கும் பற்றுச்சீட்டுடன் மேலும் 150,000 ரூபா செலவைக் கழித்தால், வரி 24,600 ரூபா. வித்தியாசம் ஆண்டுக்கு 9,000 ரூபா.

இதற்குள் நிறுவனம் உங்களிடமிருந்து கழித்திருப்பது மாதம் 9,000 ரூபா வீதம் 108,000 ரூபா. கணக்காளர் சொன்னதை நம்பி ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் வழியில் 74,400 ரூபாவும், இரண்டாவது வழியில் 83,400 ரூபாவும் உங்களுக்குத் திரும்ப வேண்டிய பணம், கேட்பாரின்றிக் கிடக்கும். 2023 ஜனவரி முதல், மாதம் 100,000 ரூபாவைத் தாண்டும் சேவைக் கட்டணத்தில் கழிக்கப்படும் இந்த 5 சதவீத நிறுத்திவைத்தல் வரி உங்கள் இறுதி வரி அல்ல. உங்கள் பெயரில் முற்பணமாகக் கட்டப்பட்ட தொகை அது. ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் விவரத்திரட்டை இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்து, கழித்ததற்கான சான்றிதழைக் காட்டி, மிகுதியைத் திரும்பக் கோர வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கழிவு பொறியியலாளர், வைத்தியர், சட்டத்தரணி போன்ற சுயாதீன சேவை வழங்குநருக்கு உரியது. ஊழியருக்குக் கழிக்க வேண்டியது முற்பணத் தனிநபர் வருமான வரி. உங்கள் சம்பளத்துக்கு அது மாதம் 1,800 ரூபா மட்டுமே. அதாவது, வேலையின் பெயரை மாற்றியதால் மாதந்தோறும் 7,200 ரூபா கூடுதலாகக் கழிபட்டுக்கொண்டிருக்கிறது.

வரி பற்றி நீங்கள் கேட்டதற்கு இவ்வளவுதான் பதில். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க என் மனம் இடம் தராது.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலிருந்து இருக்கிறது. ஊழியர் 8 சதவீதம், தொழில் தருநர் 12 சதவீதம். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் தருநர் மேலும் 3 சதவீதம் கொடுக்க வேண்டும். உங்கள் 180,000 ரூபாவுக்கு நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டியது மாதம் 27,000 ரூபா. ஆண்டுக்கு 324,000 ரூபா. சுயதொழில் என்ற பெயரால் உங்களுக்குக் கிடைக்கும் வரி நன்மை ஆண்டுக்கு 9,000 ரூபா. இரண்டு எண்களையும் ஒரு தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள், பிள்ளை. இந்தப் பெயர் மாற்றத்தால் யாருக்கு இலாபம் என்பது அந்தத் தாளிலேயே தெரியும்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். ஊழியராக மாறினால் உங்கள் 8 சதவீதமான 14,400 ரூபாவும் 1,800 ரூபா வரியும் போக, கையில் வருவது 163,800 ரூபா. இப்போதைய 171,000 ரூபாவை விடக் குறைவு. வீட்டில் அம்மா கேட்கக்கூடும். ஆனால் அந்த மாதத்தில் உங்கள் பெயரில் இரு நிதிகளிலும் 41,400 ரூபா சேர்ந்திருக்கும். பேறுகாலம் வந்தால் ஊழியருக்கு 84 நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. வேலைத்தளத்தில் விழுந்து கால் முறிந்தால் நட்டஈடு கேட்கச் சட்டம் உண்டு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் பூர்த்தியானால், மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. ‘ஆலோசகர்’ என்ற ஒரு சொல்லில் இவ்வளவும் போய்விடுகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2010 இல் நாங்கள் மீளக் குடியேறியபோது எங்களிடம் ஒரு தறப்பாளும் சில பாத்திரங்களும்தான் இருந்தன. அடுத்த ஆண்டு வீட்டுத்திட்ட வேலை ஒன்றில் கணக்கு உதவியாளனாகச் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். முடிந்த மறுநாள் வேலையில்லை என்பார்கள். அதற்கடுத்த நாள் புதிய ஒப்பந்தம். நான்கு ஆண்டுகள் அப்படி ஓடின. வேலை கிடைத்ததே பெரிது என்றிருந்தோம், ஒருவரும் கேட்கவில்லை. அந்த நான்கு ஆண்டுகளுக்கு என் பெயரில் எந்த நிதியிலும் ஒரு சதமும் இல்லை. என்னோடு அங்கே வேலை செய்த சாரதி அண்ணர் ஒருவர் அறுபது வயதைக் கடந்தும் இன்று வாடகைக்கு முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். மாங்குளத்தில் அவரைக் காணும்போதெல்லாம், கணக்குத் தெரிந்த நான் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வன்னியில் இன்று உங்கள் வயதில் இருப்பவர்களிடம் பலவிதப் பெயர்களில் இதே ஒப்பந்தம் நீட்டப்படுகிறது: ஆலோசகர், வெளிவாரி உத்தியோகத்தர், கட்டண அடிப்படையிலான இணைப்பாளர். கையொப்பம் வைப்பதற்கு முன் யாராவது ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சண்டைக்கடிதம் வேண்டாம். என் வேலை நேரம், விடுமுறை, நாள் கழிவு ஆகியவை இப்படி இருக்கின்றன. ஆகவே என்னை ஊழியராகப் பதிந்து சேமலாப நிதி செலுத்துமாறு கேட்கிறேன் என்று நான்கு வரிகள் போதும். அவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லக்கூடும். சம்பளத்தை 180,000 இலிருந்து குறைத்து, மிகுதியை நிதிக்கு என்று காட்டப் பார்க்கலாம்; அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அல்லது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மறைமுகமாகச் சொல்லலாம். அந்தப் பயம் நியாயமானது. கிளிநொச்சியில் சிவில் வேலை எத்தனை இருக்கிறது என்று எனக்கும் தெரியும். கேட்பதா, பொறுப்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பொறுத்தால் அதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்க மாட்டேன். இன்று கேட்காவிட்டாலும் உரிமை போய்விடுவதில்லை. செலுத்தப்படாத சேமலாப நிதிக்காகத் தொழில் திணைக்களத்தில் வேலையை விட்ட பின்பும் முறையிடலாம். ஆனால் வேலைநீக்கம் பற்றித் தொழில் நியாய சபைக்குப் போவதானால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கெடுவை மறக்க வேண்டாம். 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குத் தரும் பொருளும் விரிவானது. தானே நேரில் நின்று வேலை செய்து தருவதாக ஒப்புக்கொண்டவரையும் அது உள்ளடக்குகிறது.

வரிப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. தொழில் திணைக்களத்தில் “நான் ஊழியர்” என்று முறையிட்டுவிட்டு, இறைவரித் திணைக்களத்தில் அதே வருமானத்தைச் சொந்தத் தொழில் என்று காட்டி எரிபொருளைக் கழிக்க வேண்டாம். 9,000 ரூபாவுக்காக உங்கள் வாயாலேயே உங்கள் வழக்கைக் கெடுத்துக்கொள்வீர்கள். என் ஆலோசனை இது: நிறுவன வருமானம் முழுவதையும் செலவு எதையும் கழிக்காமல் காட்டுங்கள், வரைபட வருமானத்தை அதற்குரிய செலவுடன் தனியாகக் காட்டுங்கள், கழிக்கப்பட்ட வரிக்கு ஈடு கேளுங்கள். எந்தத் தரப்பு கேட்டாலும் அந்த விவரத்திரட்டு உங்களுக்கு எதிராகப் பேசாது.

ஒருவேளை உங்களுக்கு உண்மையிலேயே ஒப்பந்தகாரியாக இருக்கத்தான் விருப்பம் என்றால், அதிலும் தவறில்லை. திறமையுள்ள பொறியியலாளர் பலர் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஆனால் அப்போது விலையும் ஒப்பந்தகாரரின் விலையாக இருக்க வேண்டும். உங்களை ஊழியராக வைத்திருந்தால் நிறுவனத்துக்கு மாதம் 207,000 ரூபா செலவு. அதற்கு மேல் விடுமுறைச் சம்பளமும் பணிக்கொடையும். ஆகவே 207,000 க்குக் கீழே பேசத் தொடங்காதீர்கள். மதகு ஒன்றுக்கு இவ்வளவு, அறிக்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று வேலைக்கு விலை வையுங்கள். கையொப்பப் புத்தகத்தை நீக்கச் சொல்லுங்கள். தோழியை அனுப்பும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் இவற்றுக்கு இணங்கினால் நீங்கள் ஒப்பந்தகாரிதான், சித்தப்பாவின் கணக்கும் அப்போது பொருந்தும்.

திகதிகள்: 2025/2026 ஆம் ஆண்டுக்கு மிகுதி வரி ஏதும் இருந்தால் 2026 செப்டம்பர் 30 க்குள் கட்ட வேண்டும்; உங்களுக்கு இருக்காது. விவரத்திரட்டை 2026 நவம்பர் 30 க்குள் இணையத்தில் கொடுக்க வேண்டும். வரி செலுத்துனர் அடையாள இலக்கம் இன்னும் எடுக்காவிட்டால் இந்தக் கிழமையே பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் உங்கள் பெயரில் கழிக்கப்பட்ட பணத்தை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. பன்னிரண்டு மாதங்களுக்குமான நிறுத்திவைத்தல் வரிச் சான்றிதழ்களைக் கணக்காளரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். செயற்றிட்டம் முடிந்து அலுவலகம் மூடிய பிறகு கேட்டால் கொழும்புக்கு அலைய நேரிடும். வங்கிக் கூற்று, வரைபடங்களுக்கு வாங்கிய பணத்தின் பற்றுச்சீட்டுகள், விடுமுறை கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், கையொப்பப் புத்தகப் பக்கங்களின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். தொலைபேசி பழுதானால் செய்திகள் போய்விடும், ஆகவே அச்சிட்டும் வையுங்கள். டெங்கு மாதத்து இன்வொய்ஸையும், அந்த மாதம் வங்கிக்கு வந்த தொகை தெரியும் கூற்றையும் அந்தக் கோப்பில் முதலாவதாக வையுங்கள்.